மூணாம் தண்ணி

கோபம் வந்தால் நான் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "இப்படியே பண்ணிக்கிட்டு இருங்க, ஒரு நாளைக்கு நான் எங்கியாச்சும் போயிடறேன்." பால் டம்ளர் கவிழ்ந்தால் சொல்வேன். ஷூவில் ஒற்றையைக் காணோம் என்றால் சொல்வேன். பிள்ளைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழுதால் கட்டாயம் சொல்வேன். எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. ரெட்டியார்பாளையத்து மாடி வீட்டிலிருந்து கிளம்பி நேரு வீதி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவேன், சாயங்காலம் திரும்பி வருவேன். அதைத் தாண்டி எனக்குப் போக்கிடம் கிடையாது. என் வீட்டுக்காரர் முகிலன் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். "போறப்ப கேஸ ஆஃப் பண்ணிட்டுப் போ" என்பார்.

மூத்தவள் அபிக்கு ஐந்து வயது, யூகேஜி படிக்கிறாள். சின்னவன் செம்மலுக்கு இரண்டரை. இந்த வீட்டில் நான் சும்மா கத்துகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனி பிறந்த வாரத்தில் அபிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் சட்டையைக் கழற்றினால் முதுகில் நீர் கோத்த கொப்புளம் நாலைந்து. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "சின்னம்மைதாங்க, பயப்படாதீங்க. சொறியாம மட்டும் பாத்துக்குங்க." மாத்திரையும் தடவுகிற மருந்தும் எழுதிக் கொடுத்தார். நான் கடைக்குப் போன் போட்டுப் பத்து நாள் லீவு கேட்டேன்.

முகிலன் பைக் மெக்கானிக். கோயிலுக்குப் போனால், "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்று வெளியிலேயே நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு மரத்தில் ஏறினார். அப்போதுதான் துளிர் விட்டுப் பூவெடுத்திருந்த மரம். அரை மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசல் நிலையில் ஒரு கொத்து, ஜன்னலில் ஒரு கொத்து, அபி படுக்க வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் ஒரு பரப்பு. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு ஏறினார்.

"தீபா, வீட்டுக்கு அம்மா வந்திருக்கு. தாளிக்காத, எண்ணெய் காய வைக்காத. முக்கியமா அபிய திட்டாத. அவள திட்டுனா அம்மாவ திட்டுன மாதிரி."

"எத்தினி நாளைக்கு?"

"மூணு தண்ணி ஊத்தற வரைக்கும்."

என்னைப் பத்து நாள் சாப்பிடாமல் இரு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.

கீழ்வீட்டுச் செல்வாம்பாள் அக்காதான் வீட்டுக்காரம்மா. அவர் படிக்கட்டில் நின்றபடியே மிச்சச் சட்டங்களைச் சொன்னார். "யாராச்சும் கெளம்புனா போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லக் கூடாதுடீ. அப்பறம் அம்மாவும் போயிட்டுத் திரும்பி வந்துரும்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. தினம் காலையில் "அபிக்குட்டி, அப்பா போயிட்டு வரேன்" என்று பாடுகிற முகிலன் பூனை மாதிரி இறங்கிப் போனார். நானும் அப்படித்தான் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன்.

அபியின் ஆட்சி நடந்தது. இளநீர் கேட்டாள், வந்தது. வெள்ளரிப்பிஞ்சு கேட்டாள், வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கார்ட்டூன் ஓடியது. கூழை வாயில் வைத்துத் தலையணையில் துப்பினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லடா கண்ணு" என்றேன். விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுக் குழந்தையிடம் பேசுவதுபோல என் சொந்தப் பிள்ளையிடம் பேசினேன். அடக்க முடியாதபோது மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு நாள் அங்கே துணி கிளிப்பைத் தூக்கிய காக்காயை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து முகிலன் குரல் வந்தது. "யாரத் திட்ற?"

"காக்காவ!"

"சரி, திட்டு."

இரண்டு மூன்று நாளில் அபி என்னை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். மத்தியானம் தூங்கினால் என் நைட்டி ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நான் இளநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் வேப்பிலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

"எங்க போன?"

"இளநி வாங்க."

"ஏன் சொல்லாம போன?"

"அம்மா இருக்கற வீட்டுல சொல்லக் கூடாதுடா."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்த குழந்தை, சிணுங்கத்தான் செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் தண்ணீர். அக்கா தன்னுடைய பித்தளை அண்டாவைக் கொடுத்தார். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மாடி வெயிலில் வைத்து, வெதுவெதுப்பானதும் எடுத்து ஊற்றினோம். அபி சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். தலை துவட்டும்போது அக்கா சொன்னார். "மொத தண்ணி ஆச்சு. மூணாம் தண்ணி ஊத்திட்டா மனசு குளுந்து அம்மா போயிடும்."

"எங்க போகும்?" என்று அபி கேட்டாள்.

"அது ஊட்டுக்கு."

"திரும்பி வராதா?"

"ஐயையோ, வரவே கூடாது. இனிமே வராதன்னு நல்லா கும்புட்டுக்கோ."

நான் பக்கத்தில்தான் நின்றேன். செம்மல் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததால் அவனைப் பிடித்து இழுப்பதிலேயே கவனமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை இரண்டாம் தண்ணீருக்கு அபி ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். புண்ணில் எரிகிறது போலிருக்கிறது என்று நானும் முகிலனும் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தண்ணீர். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் சனிக்கிழமையே கடையில் கட்டுகிற யூனிஃபார்ம் புடவையைத் தேய்த்து, என் பையைத் துடைத்து, இரண்டையும் பீரோ பக்கத்து நாற்காலியில் எடுத்து வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அபி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலையில் அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். முகிலன் அலறுகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

"தீபா, மறுபடியும் போட்டிருக்கு! பாரு, கையெல்லாம் செவசெவன்னு!"

அபியின் இரண்டு கையிலும் புதிதாகச் சிவப்புப் புள்ளிகள். காலிலும் இருந்தன. பழைய கொப்புளமெல்லாம் கருகி உதிர்கிற நேரத்தில் இது என்ன கொடுமை! பக்கத்தில் செம்மல் நிற்கிறான், அவன் கன்னத்திலும் புள்ளி. மூக்கு நுனியில் ஒன்று. "சின்னவனுக்கும் வந்துருச்சு" என்று முகிலன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கத்திய கத்தலில் செல்வாம்பாள் அக்கா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அபியின் கையைப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டி தீபா, அம்மா இப்டியா ஸ்கேல் வெச்சுப் போடும்?"

அப்போதுதான் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் ஒரே வரிசை, ஒரே அளவு. பள்ளிக்கூட நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற மாதிரி. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், விரலில் சிவப்பு ஒட்டியது. செம்மல் வாயில் என்னவோ மென்றுகொண்டிருந்தான். விரலை விட்டு எடுத்தால் ஸ்கெட்ச் பேனா மூடி.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பத்து நாள் கோபமும் தொண்டையில் வந்து நின்றது. முகிலன் கையெடுத்துக் கும்பிட்டார். "தண்ணி ஊத்தற வரைக்கும் பொறுத்துக்கோ தீபா, உனக்குப் புண்ணியமாப் போகும்." பொறுத்துக்கொண்டேன். அபி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டியிருந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"ஏம்மா இப்டி பண்ண?"

"புள்ளி இருந்தா தண்ணி ஊத்த மாட்டீங்கல்ல."

"ஊத்துனாதான நல்லாகும்?"

"ஊத்துனா அம்மா போயிடும்."

"போகட்டுமே. போனாதான நீ ஸ்கூலுக்குப் போலாம்."

அவள் உதடு பிதுங்கியது. "நீதான் போயிடுவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கீழ்வீட்டு அத்த சொன்னாங்க, மூணாம் தண்ணி ஊத்துனா அம்மா போயிடும்னு. திரும்பி வரவே கூடாதுன்னு கும்புட சொன்னாங்க. நான் கும்புடல." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீகூட சொன்ன, ஒரு நாளைக்குப் போயிடறேன்னு. இப்ப திட்டவே மாட்டேங்கற. பொடவ தேச்சு பையெல்லாம் எடுத்து வெச்சுட்ட."

அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். முகிலன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. நான் நாளைக்கு நாலு தடவை வாய் அலுக்காமல் சொன்னதை இந்தக் குழந்தை ஒரு தடவைகூட விடாமல் கேட்டு வைத்திருக்கிறது. பத்து நாளாக என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்கிறது, தனியாக, யாரிடமும் சொல்லாமல்.

"அபி, உன் உடம்புல வந்திருக்கறது மாரியம்மா. அதுதான் போவும். நான் வேற அம்மா. நான் போக மாட்டேன்."

"அதுவும் அம்மாவா?"

"ஆமா."

"நீயும் அம்மாவா?"

"ஆமாடா."

என் நைட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி ஊத்தறப்ப மாறிப் போயிடுச்சுன்னா?"

எழுந்து போய்க் குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். "வா, மடியில ஒக்காந்து என்னை நல்லா புடிச்சுக்கோ. ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்தட்டும். நீ புடிச்சிருந்தா நான் எப்டிப் போவேன்?"

அபி வந்தாள். கழுத்தில் ஒரு கை, நைட்டியில் ஒரு கை, இடுப்பைச் சுற்றி இரண்டு கால். மூச்சு விட இடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். "நானு, நானு" என்று செம்மலும் ஓடிவந்து என் காலில் உட்கார்ந்தான். முகிலன் சொம்பு சொம்பாக மொண்டு எங்கள் மூன்று பேர் தலையிலும் ஊற்றினார். வேப்பிலை முகத்தில் ஒட்டியது. ஸ்கெட்ச் புள்ளியெல்லாம் கரைந்து என் நைட்டியில் சிவப்பாக ஓடியது. அக்கா வாசலில் நின்று கும்பிட்டார். "தாயே, மனசு குளுந்து போயிட்டு..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "மனசு குளுந்து போ தாயே" என்று முடித்தார்.

அபி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நீ?"

"இங்கதான் இருக்கேன்."

இன்னும் இரண்டு சொம்பு ஊற்றும்வரை அவள் பிடியை விடவில்லை.

செம்மலைத் துவட்டி, ஈர நைட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அபி பீரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் புடவை இல்லை. நான் தேய்த்து மடித்து வைத்திருந்த யூனிஃபார்ம் புடவை முழுவதும் அவள் தலையில் சுற்றியிருந்தது. மஞ்சளும் சிவப்பு மையும் முந்தானை வரைக்கும் இறங்கியிருந்தன. மிச்சம் தரை ஈரத்தில் கிடந்தது.

"அடியே! கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? இம்மாந்துண்டு தலைக்கு இம்மாம்பெரிய பொடவயா? துண்டு தொங்குதே, அது தெரியல? நாளைக்கு நான் இன்னாத்தக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போவேன்? எத்தினி தடவ சொல்லியிருக்கேன், என் சாமான எடுக்காதன்னு! இப்படியே பண்ணிக்கிட்டு இருங்க, ஒரு நாளைக்கு..."

நின்றுவிட்டேன். முகிலன் சொம்பும் கையுமாக அப்படியே நின்றார்.

புடவைக்குள்ளிருந்து அபி முகத்தை வெளியே நீட்டினாள். "ஒரு நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு... ஒரு நாளைக்கு என்ன ஒரு நாளைக்கு? இன்னிக்கே ஒக்காந்து நீதான் இத தொவைக்கற!"

அவள் முகம் மலர்ந்த மாதிரி அந்தப் பத்து நாளில் நான் பார்க்கவில்லை. "அப்பா! அம்மா திட்டுதுப்பா! டேய் செம்மல், அம்மா திட்டுதுடா!" என்று புடவையை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினாள். செம்மல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். துரத்திப் பிடித்தேன். பிடித்து வைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே, பத்து நாளுக்கும் சேர்த்து ஆசை தீரத் திட்டினேன். அபி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.