மூக்குக்கண்ணாடி, கறுப்பு ஃப்ரேம், ஒன்று

மேஜைமேல் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. அதில் ஒன்று அவளுடைய அப்பாவுடையது. எது என்றுதான் தெரியவில்லை.

டைப்பிஸ்ட் அக்கா இடப்பக்கம் இருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். வலப்பக்கம் இருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். வைத்த கையோடு, முதலில் எடுத்தது எந்தப் பக்கம் இருந்தது என்பதும் குழம்பிப்போனது. இரண்டுக்கும் தடித்த கறுப்பு ஃப்ரேம். இரண்டும் ஓரத்தில் மஞ்சள் பாரித்திருந்தன. ஊரில் ஒரே ஒரு கண்ணாடிக் கடை இருந்த காலத்தில் வாங்கியவை. அந்தக் கடையில் ஆண்களுக்கென்று இருந்ததும் ஒரே ஃப்ரேம்தான். நீதிபதியும் அதைத்தான் போட்டார், பால்காரரும் அதைத்தான் போட்டார்.

ஊருக்குத் தண்ணீர் இறைத்த பழைய பம்ப் அறைதான் இப்போது ஊர் வரலாற்று அருங்காட்சியகம். நடுவில் இருந்த பம்பை யாராலும் அசைக்க முடியாததால் அதுவும் ஒரு காட்சிப்பொருளாகிவிட்டது. இங்கே சம்பளக்காரர் எவரும் கிடையாது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் சாவியை வைத்திருந்தார்; அதனால் அவரே தலைவர். நர்ஸம்மா துடைப்பதையும் கழுவுவதையும் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியை விட்டு வந்தாலும் ஆஸ்பத்திரி அவளை விடவில்லை. கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அக்கா, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வைக்கிற விவரச் சீட்டை அடித்துத் தருவாள். சின்ன ஊர், சின்ன அறை. யார் வீட்டுப் பரணில் எது கிடந்தாலும், தூக்கிப் போட மனசில்லாவிட்டால் இங்கே வந்து சேரும்.

பொருளின் எண்ணை அதன்மேலேயே மையால் எழுதிவிடலாம் என்று நர்ஸம்மா ஆரம்பத்திலேயே சொன்னாள். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. “நம்பிக் கொடுத்த பொருள்மேல கிறுக்குறதா? நம்ம வீட்டுச் சாமான்னா கிறுக்குவோமா?” என்றார். அதனால் எண் எழுதிய சின்ன அட்டை, நூலில் கட்டித் தொங்கும். மாதம் ஒருமுறை துடைக்கும் நாளில் அட்டைகளை அவிழ்த்து, அந்தந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்து, துடைத்து முடித்ததும் மறுபடி கட்டுவார்கள்.

இந்த முறை துடைத்த அன்று மின்சாரம் இல்லை. புழுக்கம் தாங்காமல் டைப்பிஸ்ட் அக்கா ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் மின்சாரம் இல்லாதது நினைவுக்கு வந்தது. திரும்பத் தட்டினாளா? தட்டியதுபோலவும் இருந்தது, தட்டாததுபோலவும் இருந்தது. முதலில் தட்டியதே போட்டதா, ஏற்கெனவே போட்டிருந்ததை அணைத்ததா என்று யோசித்தால் அதுவும் பிடிபடவில்லை. எப்படியோ, மின்சாரம் வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அட்டைகள் எல்லாம் புறாக்கூட்டம்போலக் கிளம்பி அறை முழுக்கப் பறந்தன.

“யாரு ஃபேனைப் போட்டது?” என்றார் மேனேஜர்.

“கரன்ட்டுதான் போட்டுது” என்றாள் நர்ஸம்மா.

ரேடியோவுக்கும் தராசுக்கும் தீயணைப்புக்காரர் தொப்பிக்கும் சிக்கல் இல்லை. பதிவேட்டைப் பார்த்து அட்டையைக் கட்டினார்கள். இந்த இரண்டுக்கும்தான் பதிவேடு கைவிரித்துவிட்டது. இரண்டு இடத்திலும், ‘மூக்குக்கண்ணாடி, கறுப்பு ஃப்ரேம், ஒன்று.’

“ரெண்டுக்கும் ஒரே மாதிரி எழுதி வெச்சிருக்கீங்களே சார்.”

“வேற மாதிரி எழுத, ரெண்டும் வேற மாதிரியா இருக்கு?”

இன்னொன்று பூகோள வாத்தியாருடையது. ஊரில் பாதிப் பேருக்கு உலகத்தை வரைபடத்தில் காட்டிக் கொடுத்தவர். வெளியூரில் இருக்கும் அவருடைய மகள், அப்பாவின் கண்ணாடியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

“இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க?” என்றாள் நர்ஸம்மா. “ஒண்ணு அக்காவோட அப்பாது. அக்கா பார்த்து எடுத்துக்கட்டும். மிச்சம் வாத்தியாருது. முடிஞ்சுது.”

இருவரும் டைப்பிஸ்ட் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். “வெளிச்சத்துல வெச்சுப் பார்த்துச் சொல்றேன்” என்றாள் அவள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரே மூட்டம். அப்பா அச்சகத்தில் ஈய எழுத்துக்களைக் கோத்தவர். மையும் மண்ணெண்ணெயும் கலந்த அவருடைய சட்டை வாசனை இப்போதும் மூக்கில் நின்றது. எழுத்தைத் தலைகீழாக வாசிக்கும்போது அவர் உதடு அசைகிற விதம் தெரிந்தது. ஈயம் ஏறிக் கறுத்த கட்டைவிரல் நகம் தெரிந்தது. கண்ணாடியை நினைக்கும்போது மட்டும் ஒன்றும் வரவில்லை. அது எப்போதும் அங்கேதான், அவர் முகத்தில்தான் இருந்தது. அதன் வழியாக அவர் கண்ணைப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்ததில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் மெல்லத் தலைகாட்டியது. இத்தனை நாளாக மாதாமாதம் துடைத்தாளே, அப்போதெல்லாம் ‘இது அப்பாவுடையது’ என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டாள்? அட்டையை வைத்துத்தான்.

அப்பா போன பிறகு இதை இங்கே கொடுப்பதில் தம்பிக்கு இஷ்டமே இல்லை. “அப்பாவைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள வெக்கறியா?” என்று கேட்டான். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அங்க நான்தானேடா இருக்கேன். என் கண்ணுலயே வெச்சுப் பார்த்துக்கறேன்” என்று சொல்லித்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள். பெரிய வார்த்தையாகச் சொல்லிவிட்டோமே என்று இப்போது இருந்தது.

இரண்டையும் கைக்குட்டையில் பொதிந்து, அடுத்த தெருக் கண்ணாடிக் கடைக்காரரிடம் எடுத்துப் போனாள். அவர் கருவியில் வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணு பிளஸ் ரெண்டு. இன்னொண்ணு பிளஸ் ரெண்டேகால். அப்பாவுக்கு என்ன பவர்க்கா?”

“தெரியலையே.”

“அப்ப என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்? கண்ணைக் காட்டினா கண்ணாடியைச் சொல்லுவேன். கண்ணாடியைக் காட்டி ஆளைச் சொல்லச் சொன்னா எப்படி?”

கால் பவர். ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அதுவும் யாருக்கு அந்தக் கால் என்று தெரியாது.

கடைசியில் தம்பிக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லாமல், விவரத்தை மட்டும் வாங்கிவிடுவதாகத் திட்டம்.

“அப்பா கண்ணாடி உனக்கு நல்லா ஞாபகம் இருக்காடா?”

“எது? பிரவுனா, கறுப்பா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பிரவுன் ஏது?”

“பிரவுன்தானே கடைசி வரைக்கும் போட்டிருந்தார். கறுப்பு அதுக்கு முன்னாடி. அது மேலதான் நீ உட்கார்ந்து உடைச்சியே.”

“நான் எங்கடா உட்கார்ந்தேன்? நீதான் உட்கார்ந்தே.”

“நான் உட்கார்ந்தேனா? அன்னிக்கு அடி வாங்கினது யாரு?”

“நீதான்.”

“நீ உட்கார்ந்ததுக்கு நான் வாங்கினேன். ஆமா, இப்ப எதுக்கு இதெல்லாம்?”

“சும்மாதான்.”

“நீ சும்மா கேக்கற ஆளா? ஞாயித்துக்கிழமை அங்கதானே இருப்பே? வர்றேன். நானும் பார்த்து நாளாச்சு.”

போனை வைத்த பிறகு, இருந்த கொஞ்சத் தெளிவும் போயிற்று. பிரவுன் கண்ணாடி என்று ஒன்று இருந்ததா? இருந்தால் எங்கே போனது? கறுப்பு உடைந்தது உண்மையானால், அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது எது? உடைந்ததைச் சரி செய்திருப்பாரோ என்று இரண்டின் கீல்களையும் உற்றுப் பார்த்தாள். இரண்டிலுமே திருகாணி மாற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் மகள் கணவரோடு வந்தாள். டைப்பிஸ்ட் அக்காவின் வயதுதான் இருக்கும். நர்ஸம்மா ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு கண்ணாடிகளையும் ஆபரேஷனுக்கு வைத்ததுபோல வைத்திருந்தாள். அட்டை பறந்த கதையை மேனேஜர் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுச் சொல்லி முடித்தார். “உங்களுக்குப் பார்த்தவுடனே தெரிஞ்சிடும்னு நினைக்கிறோம்” என்றார்.

வாத்தியார் மகள் குனிந்தாள். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வலப்பக்கம் இருந்ததை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “இதுதான்.”

நர்ஸம்மா பெருமூச்சு விட்டாள். “பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?” என்றார் மேனேஜர், சந்தோஷமாக. அவர் அதை யாரையும் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அது தானாகப் போய்க் குத்தவேண்டிய இடத்தில் குத்தியது.

டைப்பிஸ்ட் அக்கா மிச்சமிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். நிம்மதியாகத்தான் இருக்கவேண்டும். தம்பி வந்தால் காட்ட ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா மிச்சமாகக் கிடைத்தார் என்பதை எந்த வகையில் சேர்ப்பது? ஒருத்தி வந்து, பார்த்து, எடுத்துவிட்டாள். இவளுக்கு ஒரு வாரம் போதவில்லை. பொறாமையா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். அதுவும் இரண்டு கறுப்பு ஃப்ரேம்களாகவே இருந்தது.

பம்ப் எப்படி ஓடியது என்று காட்ட மேனேஜர் அந்தக் கணவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். நடுவில் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு நர்ஸம்மாவும் போனாள்.

அறையில் இரண்டு பேர்தான். பித்தளைத் தராசில் பாலிஷ் காயாமல் இருந்தது. டைப்பிஸ்ட் அக்கா அதைத் தேய்க்கப் போனாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் வாத்தியார் மகள் மெதுவாக. “நான் எடுத்தது சரிதானே?”

“நீங்கதானே சொன்னீங்க?”

“எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு நின்னீங்க. தெரியலைன்னு சொன்னா, என்ன பொண்ணு இவன்னு நினைச்சிருக்க மாட்டீங்களா? கிட்ட இருந்ததை எடுத்துட்டேன்.”

ஒரு வாரமாகத் தன் தலைக்குள் ஓடிய வாக்கியத்தை வேறொருத்தியின் வாயில் கேட்க விசித்திரமாக இருந்தது.

“எனக்கும் தெரியாதுங்க” என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. சொன்ன பிறகு, இவ்வளவுதானா என்று இருந்தது.

வாத்தியார் மகளுக்குத்தான் யோசனை வந்தது. “நீங்க போட்டுக் காட்டுங்களேன். துணியில கிடந்தா என்ன தெரியும்? மூஞ்சியில இருந்தாத்தானே அப்பா.”

தன் கையில் இருந்ததை அவளே டைப்பிஸ்ட் அக்காவுக்குப் போட்டுவிட்டாள். அறை மங்கியது. எதிரே நின்றவளின் முகம் தண்ணீரில் கரைந்ததுபோல ஆனது.

“கண்ணாடிக்கு மேல என்னை முறைங்க. எங்கப்பா அப்படித்தான் முறைப்பார்.”

முறைத்தாள்.

“இது முறைப்பா? கும்பிடு போடறாப்புல இருக்கு. இன்னும் கோபமா. நான் எல்லா நதியையும் தப்பா எழுதிட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர். கழற்றலாம் என்றால் விரலெல்லாம் பாலிஷ். அதனால் மணிக்கட்டால் ஃப்ரேமை நெற்றிக்கு ஏற்றினாள்.

ஏற்றிய கை அங்கேயே நின்றது.

இப்படித்தான். விரலில் எப்போதும் மை. அதனால் மணிக்கட்டால்தான் ஏற்றுவார். ஏற்றிவிட்டு மறந்துவிடுவார். பிறகு வீடு முழுக்க, “என் கண்ணாடி எங்க? யாராவது பார்த்தீங்களா?” அவளும் தம்பியும் வாயைக் கெட்டியாக மூடிக்கொள்வார்கள். கட்டிலடியில் குனிந்து தேடுகிறவரைப் பார்த்துத் தம்பி மட்டும், “நல்லாத் தேடுங்கப்பா” என்பான்.

கண்ணாடி நெற்றியில் நின்றது. அடுத்ததை வாத்தியார் மகள் மாட்டிவிட, அதையும் ஏற்றிப் பார்த்தாள். அது சறுக்கி மூக்குக்கு இறங்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி இறங்கியது. முதல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடச் சொல்லி ஏற்றினாள். நின்றது.

“நெத்தி அப்படியே அப்பன் நெத்தின்னு எங்க அத்தை சொல்லுவாங்க” என்றாள்.

“அப்ப நான் நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சது உங்கப்பாவையா?” என்றாள் வாத்தியார் மகள்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வேர்வையிலகூட ஒட்டியிருக்கும்.”

“எனக்கு இது போதுங்க.” வாத்தியார் மகள் சறுக்குகிற கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலாக எட்டிப் பார்த்து முறைத்தாள். அது முறைப்பாகவே இருந்தது.

வாத்தியாரின் அட்டையை அதற்குக் கட்டி, பெட்டிக்குள் வைத்தார்கள். பின்பக்கமிருந்து மேனேஜர் கூப்பிட, வாத்தியார் மகள் அவள் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

டைப்பிஸ்ட் அக்கா கையைத் துடைத்தாள். அடுத்த அட்டையை எடுத்து, நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கினாள். கட்டவேண்டிய கண்ணாடியைத் தேடினாள். வெள்ளைத் துணியில் இல்லை. துணியைத் தூக்கிப் பார்த்தாள். தராசுத் தட்டில் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, வாத்தியாருடையது ஒன்றே இருப்பதைப் பார்த்து மூடினாள். வாத்தியார் மகள் ஞாபகப் பிசகாக எடுத்துப் போய்விட்டாளோ? அட்டையைக் கையில் பிடித்தபடியே மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

வாசலில் யாரோ நிற்பதுபோல இருந்தது. குனிந்த வாக்கிலேயே பார்த்தாள். தம்பி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே வராமல், நிலையில் சாய்ந்துகொண்டு, உதட்டைக் கெட்டியாக மூடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா அப்படி நிக்கற? அப்பா கண்ணாடியைக் காணோம். இப்பத்தான் இங்க இருந்துது.”

அவன் கன்னம் மட்டும் துடித்தது.

“நல்லாத் தேடு” என்றான்.

“அதைத்தானே ஒரு வாரமா செஞ்சிட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னும் கீழே குனிந்தாள். அவ்வளவு குனிந்தும் நெற்றியிலிருந்து அது விழவில்லை.