நட்டோ தொட்ட கை

மருத்துவமனையில் காலைச் சாப்பாட்டோடு தினமும் நட்டோ வரும். தொமேகிச்சி அந்தச் சிறு டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். அவர் வீட்டைப் போல, சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் வீடுகளில் பனிக்காலம் முழுக்க நட்டோவைத் தொடமாட்டார்கள். புளித்து நூலிழுக்கும் அந்த சோயாப் பயறின் கிருமி கையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வரும், வெந்நீருக்கும் சாகாது. சோற்றில் பூஞ்சை வளர்க்கும் கோஜி அறைக்குள் புகுந்துவிட்டால், பூஞ்சை படரவேண்டிய சோறு பிசுபிசுத்துப் போகும். அந்தச் சோறு இல்லாமல் சாக்கே இல்லை.

இன்றைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் போனில் சொன்னதால் மகன் கென்சாகு வந்திருந்தான். வீட்டில் அவன் மனைவி மிசாவோ தனியாகக் கோஜி அறையில் இருந்தாள். கடைசி வேலையாளும் போன வருஷம் நின்றுவிட, புருஷனும் பெண்டாட்டியும்தான் மாறி மாறிச் சோற்றைக் கிளறினார்கள். விட்டால் சோறு தானே சூடேறிக் கெட்டுவிடும். இந்த வருஷத்துக்கு அவர்கள் வாங்கிய அரிசி அவ்வளவுதான்.

"டேய், அந்த டப்பாவத் தொற" என்றார் தொமேகிச்சி.

"எதுக்குப்பா?"

"மூஞ்சில பூசிக்க. திங்கத்தான்டா."

"பனி கரையட்டும்ப்பா. அப்புறம் ஆசை தீரச் சாப்பிடலாம்."

"பனி கரையுறப்ப நான் சாம்பல். சாம்பலுக்கு ஊட்டுவியா?"

நர்ஸைக் கூப்பிட கென்சாகு எழுந்தான்.

"அந்தப் பொண்ணு வேணாம். நேத்து கஞ்சிய என் கழுத்துக்குத்தான் ஊட்டுச்சு."

டப்பாவைத் தொட்டால் கோஜி அறைப் பக்கம் போக முடியாது. மிசாவோ ஏற்கெனவே ராத்திரி முழுக்கக் கண்விழித்தவள். கென்சாகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்து மூடியைப் பிரித்தான்.

"நல்லாக் கலக்கு. கடுகு வைக்கலையா? கஞ்சப் பசங்க."

மூன்று வாய் இறங்கியது. மதியத்துக்கு முன் மூச்சு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கென்சாகு குளித்து உடை மாற்றினான். பிறகு கோஜி அறையின் மூடிய கதவுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னான். உள்ளே சோற்றுக் கட்டிகளை உடைக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"மாமா கடைசியா ஏதாவது சாப்பிட்டாரா?"

"நட்டோ."

"யாரு ஊட்டுனது?"

"நான்தான்."

"அப்ப உள்ள வராதீங்க." குரலில் கோபம் இல்லை.

"நீ கொஞ்சம் கண்ணசந்துக்கோ."

"அசந்தா யாரு கிளறுவா? மாமாவா?" என்றவள் உடனே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

அவன் உறவுக்காரர்களுக்கும் கோயில் குருவுக்கும் போன் செய்து முடிக்கையில் பொழுது சாய்ந்திருந்தது. கதவில் மாட்டிய வெப்பமானி ஏறக்கூடாத அளவுக்கு ஏறியிருந்தது. கூப்பிட்டான், தட்டினான். சத்தம் இல்லை. காற்றுப் புகாத அந்தப் புழுக்கத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கதவைத் தள்ளித் திறந்தான்.

மிசாவோ சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகம் சிவந்திருந்தது. உலுக்கியதும் கண் திறந்தாள். முதலில் அவள் பார்த்தது அவன் கைகளை.

"உள்ள வந்துட்டீங்களே."

"நீ குரல் குடுக்கல."

அவள் தட்டுத்தடுமாறி எழுந்து சோற்றை மூடியிருந்த துணியை விலக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இனிமே என்ன? அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.

இருவருமாகச் சுடுசோற்றைப் பிளந்து, மேசை நீளத்துக்குப் பரப்பினார்கள். கெட்டதா தப்பியதா என்று நாளைக்குத்தான் தெரியும். முற்றத்தில் வண்டி வந்து நின்றது. மருத்துவமனையிலிருந்து தொமேகிச்சியின் உடலைக் கொண்டுவந்தவர்கள் எந்த அறையில் படுக்கவைப்பது என்று குரல் கொடுத்தார்கள். பாதிச் சோறு இன்னும் கட்டியாகவே இருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி கென்சாகு உள்ளிருந்தே கத்தினான்.