படகின் உயரம் தொடர்பாக

1
இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. பேரம் என்று சொல்லிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் வசதி. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடலையே பார்த்திராத ஊர்கள் வழியாக ஒரு பாய்மரப் படகு லாரியில் ஏறி—’ பளபளப்பாக இருந்தது. சரக்கு பளபளத்தால் புரட்டிப் பார்க்கவேண்டும். அடித்துவிட்டேன்.

2
படகு என் மனைவியுடையது. அவளுக்கு வேறொரு கடற்கரையில் வேலை கிடைத்தது. கட்டிலையும் பீரோவையும் விற்றாள். படகை விற்கமாட்டேன் என்றாள். லாரி ஓட்டுநர் போனில் உயரம் கேட்டார். (படகின் அடிவயிற்றில் மீன்துடுப்புபோல ஓர் ஈயக் கனம் தொங்கும், கீல் என்பார்கள். தண்ணீரில் அது கண்ணில் படாது. தரையிலோ படகையே அந்த அளவுக்குத் தூக்கிவிடும்.) நான் அளந்தது கீலோடு பத்தரை அடி. சொன்னது ஒன்பதரை.

ஏனென்றால் எங்கள் குடும்பக் கடையில் வளர்ந்தவன் எவனும் எடுத்த எடுப்பில் உண்மையான எண்ணைச் சொல்லமாட்டான். நாம் ஒன்பதரை என்போம், எதிராளி பதினொன்று என்பான், பத்தரையில் படியும். இவர் “சரிங்க சார்” என்று எழுதிக்கொண்டார். பேரமே பேசாத மனிதரிடம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

(திருத்தியிருக்கலாம். ஆனால் அதைவிட உயரமென்றால் தாழ்தட்டு வண்டிக்குப் பத்து நாள் காத்திருக்கவேண்டும் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.)

3
ரயில் பாலத்தின் அடியில் அரை அடி மிச்சமிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அரை அடி போதாமல் போனது. படகின் கேபின் கூரை உரிந்துகொண்டு வந்தது. இரண்டு கோடை அவள் தேய்த்துத் தேய்த்து வார்னிஷ் அடித்த கூரை.

“முப்பது வருஷமா ஓட்டுறேன்னீங்களே அண்ணே, இவ்ளோ பெரிய பாலம் கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டாள், என்னோடு லாரிக்குப் பின்னாலேயே வந்தவள்.

“தப்பு என்மேலதாம்மா. ஏத்தினதும் நானே ஒரு தடவ அளந்திருக்கணும்.”

சார் சொன்னதை நம்பினேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் ஒரு கயிற்று முடிச்சை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

4
ஓட்டுநர் பாத்திரம் படியவில்லை. ஒரு வரைவில் அவரைக் குடிக்கவைத்தேன். நிஜத்தில் அந்த மனிதர் டீயைக்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் குடிப்பார். கிழித்துப்போட்டேன். எழுதியது எழுதியதுதான்.

[மாற்று முடிவு: கணவன் பாலத்தடியிலேயே உண்மையைச்— என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.]

[இன்னொன்று: மனைவி தானாகவே கண்டுபிடிக்கிறாள். இதில் எனக்குத்தான் லாபம், வாயைத் திறக்கவேண்டாம்.]

5
லாரி முதலாளி ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். என்ன உயரம் சொன்னோம் என்று நாங்கள் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால்தான் அவர் மறுபடி ஏறுவாரா இல்லையா என்பது தெரியும். கடிதம் எழுத உட்கார்ந்தவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பாராட்டுவார்கள், கையெழுத்துக் கேட்கமாட்டார்கள்.

“ரெண்டு வரி லெட்டருக்கு ரெண்டு நாளாங்க?” என்று வந்து நின்றாள். எழுதிய தாள்களை அப்படியே கொடுத்துவிட்டேன். இந்தக் கடைசித் தாள் மட்டும் என்னிடம்.

ஜன்னலோரம் நின்று படிக்கிறாள். முதல் பக்கத்தில் ஒருமுறை சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. இப்போது தலை நிமிராமலே நான் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவுக்குக் கையை நீட்டுகிறாள். கடிதம் எழுதவா, என்னை அடித்துவிடவா என்று தெரியவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் கொடுத்தாகவேண்