கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்ட பாட்டு

கேரளத்துப் பையன்னூரில் அன்றைக்கு ஹர்த்தால். கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஊரே முந்தின நாளே கோழி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. பிரீதாவின் வீட்டில் மட்டும் அடுப்பே பற்றவைக்கவில்லை. பிரீதா, புருஷன் பவித்ரன், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நிவேத்யா மூன்று பேரும் முன்னறைக் கம்ப்யூட்டரைச் சுற்றி, துக்கம் விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பட்டனை அமுக்கினால் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

"நேத்து முதல் இடிக்கே பிளக்கைப் பிடுங்கிட்டேனே பவியேட்டா!" என்றாள் பிரீதா. எத்தனையாவது தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"கரண்ட் பிளக்கைப் பிடுங்கின. நெட்டுக்காகப் பின்னாடி சொருகியிருக்கிற டெலிபோன் ஒயரை யாரு பிடுங்குறது?"

"டெலிபோன் வழியா இடி வரும்னு நான் கண்டேனா?"

"இடி கிட்ட போயி நீ இந்த வழியாதான் வரணும்னு சொல்ல முடியுமா?"

நிவேத்யா அந்தப் பட்டனையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் பிரீதாவுக்குத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக் கலோத்சவம், சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் மோதும் கலைப்போட்டி. நிவேத்யாவுக்கு நாடோடி நடனம், ஒரு கதையைப் பாட்டுக்கு ஆடிக் காட்டுவது. அவள் ஆட வேண்டிய பாட்டு இந்தச் செத்த பெட்டிக்குள் இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

எங்கேயும் இல்லை என்பதற்காக பிரீதா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. போன வருடம் நிவேத்யா மேடை ஏறுவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் அதே கதையை ஆடிவிட்டுப் போனார்கள். நடுவர்கள் நிவேத்யாவைப் பார்க்காமல் கொட்டாவி விட்டார்கள். கதை கசிந்துவிட்டது என்று பிரீதா முடிவுகட்டினாள். இந்த வருடம் விடுவாளா? பவித்ரன் பாட்டெழுதினார். கண்ணூரில் ஒரு ஸ்டூடியோவில் பதிவுசெய்து, அங்கிருந்த பிரதியைக் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னாள். பென் டிரைவில் கொண்டுவந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பென் டிரைவையும் துடைத்தாள். போனில் போடக் கூடாது, போன் பத்து கை மாறும். நடன மாஸ்டருக்கும் கொடுக்கவில்லை. அவர் நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர். மாஸ்டரே வீட்டுக்கு வந்து, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, புழுக்கத்தில் வேர்த்து ஊற்றப் பாடம் எடுத்துவிட்டுப் போனார். திருடனுக்குப் பயந்து சாவியைக் கிணற்றில் போட்டவள் கதைதான் பிரீதாவின் கதை.

"தினேசன் கிட்ட கொண்டு போகலாம்" என்றார் பவித்ரன்.

பிரீதாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தினேசன் பின் சந்தில் இருக்கிறவர், கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர். நல்ல மனுஷர். ஆனால் அவர் பெண்டாட்டி ஷீஜா. அவர்கள் மகள் ஆர்த்ரா, அடுத்த பள்ளிக்கூடம், அதே நாடோடி நடனம், நாளைக்கு அதே மேடை. போன வருடம் கதையைக் கசியவிட்டது ஷீஜாதான் என்று பிரீதா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வேற ஆளே இல்லையா?"

"ஹர்த்தால்ல எவன் கடை திறப்பான்? அவன் ஒருத்தன்தான் நடந்து போற தூரத்துல இருக்கான்."

"அம்மா," என்று நிவேத்யா முதல் தடவையாக வாய் திறந்தாள். "போங்கம்மா."

நிவேத்யாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி பவித்ரன் தோளில் வைத்துக்கொண்டார்; பிரீதா பின்னாலேயே நடந்தாள். சந்து முனையில் கட்சிக் கொடி பிடித்து நின்ற பையன்கள் பவித்ரனை மறித்தார்கள். "என்ன மாஷே, ஹர்த்தால் அன்னிக்கு டி.வி. வியாபாரமா?"

"கம்ப்யூட்டர்டா. சீக்கு."

"ஆஸ்பத்திரி கேஸ்னா விடலாம், போங்க போங்க" என்று சிரித்து வழிவிட்டார்கள். பிரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தினேசன் வீட்டு வாசலிலேயே கோழிக்கறி வாசம் ஆளை அடித்தது. கதவைத் திறந்தது ஷீஜா. "தினேசேட்டா, உங்களுக்கு ஆளு வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு ஷீஜா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

தினேசன் கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு ஆட வேண்டிய பாட்டு உள்ளே இருக்கிறது என்று பவித்ரன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "பவர் சப்ளை போச்சு. போர்டும் கருகிடுச்சு. நாத்தம் அடிக்குது பாருங்க." பிரீதா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அழாதீங்க. உங்க பாட்டு இதுல இல்ல. அது ஹார்ட் டிஸ்க்ல. அது பொழச்சிருந்தா பாட்டும் பொழச்சிருக்கும்."

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஒயரில் மாட்டி, தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். உள்ளே ஏதோ சுற்றும் சத்தம் லேசாகக் கேட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிரீதா பரசினிக்கடவு முத்தப்பன் சாமியை நினைத்துக்கொண்டாள். ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். ஒன்றுமில்லை. இன்னொரு ஒயர் எடுத்துவந்தார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்த்தது.

"வந்துட்டான்!" என்றார் தினேசன்.

பிரீதா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டு எந்தப் பேர்ல இருக்கு?"

பிரீதா அடுக்களைப் பக்கம் பார்த்தாள். பவித்ரனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"பேரு சொன்னாத்தானே தேட முடியும்?"

"அம்மாவோட... எக்ஸ்ரே" என்றாள் மெல்ல.

"என்னது?"

"மாமியாரோட முட்டி எக்ஸ்ரேன்னு பேர் வெச்சிருக்கேன். அப்படி வெச்சா ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாங்கல்ல."

அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து, அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. பிரீதாவுக்குக் காது சிவந்துபோனது.

எக்ஸ்ரே கிடைத்தது. ஆனால் தினேசன் தலையைச் சொறிந்தார். "கிடைச்சது சரி. முழுசா இருக்கான்னு பாக்கணும். பேரு மட்டும் தப்பிச்சு, உள்ள பாதி போயிருந்தா நாளைக்கு மேடையில நடுவுல நின்னுடும். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போட்டுக் கேக்கணும்."

அதாவது இங்கே, ஷீஜாவின் வீட்டில், ஆர்த்ரா பக்கத்து அறையில் இருக்கும்போது. ஒரு வருடக் காவல் அவ்வளவுதான்.

பிரீதா வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து ஷீஜாவின் குரல் வந்தது. "ஆர்த்ரா, இங்க வா. கதவைச் சாத்து." அப்புறம் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பாட்டு தொடங்கியது. பிரீதா ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டாள். கவ்வாயிக் காயலில் நண்டு பிடிக்கிற ஒருத்தி, அலையாத்திக் காட்டுக்குள் வழி தவறிய மகளைத் தேடுகிற கதை. வரி வரியாக எல்லாம் இருந்தது. தாய் கூவிக் கூப்பிடும் இடம் இருந்தது. செண்டை எகிறும் இடம் இருந்தது. மகள் கிடைத்து, நண்டுக்கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொள்ளும் கடைசி அடி வரைக்கும் ஒரு இடறல் இல்லை. பவித்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரீதா துடைக்கக்கூட இல்லை, அப்படியே வழியவிட்டாள். அவ்வளவு நேரம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது.

பாட்டு முடிந்த பின்னும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பிரீதா எழுந்து போய் அடுக்களைக் கதவைத் தள்ளினாள். ஜாரில் தேங்காயும் இல்லை, மிளகாயும் இல்லை. வெறும் ஜார் சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்த்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிரீதா சுவிட்சை அணைத்தாள். "ஷீஜே, மோட்டார் எரிஞ்சுபோயிடும்."

"எரியட்டும். நாளைக்கு உன் கதை எவளாவது ஆடினா பழி என் தலையிலதானே வரும்?" ஷீஜா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "போன வருஷம் பேப்பர்ல வந்த கதையை எடுத்து ஆடினீங்க. பேப்பர் உங்க வீட்டுக்கு மட்டுமா வருது? ஊரே படிச்சது. திருடி நானாம்."

பிரீதாவுக்கு அது இதுவரை தோன்றவே இல்லை. உண்மையிலேயே தோன்றவில்லை. பேப்பர்! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"தப்புதான் ஷீஜே" என்றாள். "வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஊர் முழுக்கச் சொன்ன."

"ஊர் முழுக்கத் திருப்பிச் சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். அதுக்கு இன்னொரு வருஷம் பேசுவ." ஷீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முட்டி எக்ஸ்ரேயாம்!"

முன்னறையில் தினேசன் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி விழுந்திருக்கு. உங்க முன்னாடியே அழிச்சுடறேன், பாத்துக்குங்க."

அவர் விரல் பட்டனுக்குப் போனது. பிரீதா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க தினேசேட்டா. இங்கேயும் ஒண்ணு இருக்கட்டும்."

பவித்ரன் அவளைப் பார்த்தார். பின்னாலேயே வந்த ஷீஜாவும் பார்த்தாள். ஷீஜா அலமாரியைத் திறந்து, சீலைகளுக்கு அடியில் கையை விட்டு, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்து தினேசனிடம் நீட்டினாள்.

"இதுல இருக்கிற ஆர்த்ரா பாட்டை அவ பென் டிரைவ்லயும் போடுங்க. நம்மளதும் ஒண்ணு அங்க இருக்கட்டும். இன்னிக்கும் மேகம் இருட்டுது."

"அம்மா!" என்று அலறினாள் ஆர்த்ரா.

"நீ சும்மாயிரு. நாளைக்கு ஆடி ஜெயிக்கிற வழியைப் பாரு."

"ஜெயிக்கிறது என் மோளு" என்றாள் பிரீதா.

"அதை மேடையில பாப்போம். இப்ப கைய கழுவிட்டு உக்காருங்க, கறி ஆறுது."

மேற்கே முதல் இடி உருண்டது. பெரியவர்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் சுவர்ப் பக்கம் பாய்ந்தார்கள். தினேசன் கரண்ட் பிளக்கைப் பிடுங்கினார். டெலிபோன் ஒயரைப் பிடுங்கியது பிரீதா.