வெள்ளைப் பூ வந்த பிறகு

ராஜபாளையத்து டாக்டர் சுட்டுவிடலாம் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா வெட்டி எடுக்க வேண்டும் என்றார். பிள்ளைதான் நிற்கவில்லையே என்று என் மாமியார் வெள்ளத்தாய் கர்ப்பப்பையையே எடுத்துத் தொலைக்கச் சொன்னார். வயிறு என்னுடையது, யோசனை மட்டும் ஊருடையது.

மில்லில் வேலை பார்க்கிறவள் நான். மாதவிலக்கு வந்தால் மெஷின் பக்கத்திலேயே சுருண்டுவிடுவேன். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய தோல் வெளியே சூலகத்திலும் குடலோரத்திலும் ஒட்டி வளர்கிறதாம். அதைச் சுடுவதா வெட்டுவதா என்பதுதான் பேச்சு.

டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சுட்டா திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம்மா."

"வெட்டி எடுத்தா?"

"அப்பவும் வரலாம். ஆழமா ஒட்டியிருக்கறதுக்கு வெட்டுறதுதான் நல்லது. ஆனா சூலகத்துல கை வெச்சா முட்டை குறையலாம்."

"கர்ப்பப்பையை எடுத்துட்டா?"

"பிள்ளை பெத்துக்க முடியாது. வெளிய ஒட்டினதை விட்டுட்டா வலியும் இருக்கலாம்."

அட கடவுளே! எதைக் கேட்டாலும் 'லாம்', 'லாம்' என்றால் நான் எதைத்தான் செய்வது?

"திருவண்ணாமலைப் பெருமாள்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார் அத்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயில் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் வெள்ளை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் ராம்கி சிரித்தார். எனக்கும் நெஞ்சு லேசானது.

படி இறங்கும்போதுதான் வந்தது வினை.

"அப்ப ராஜபாளையத்துலயே சுட்டுருவோம்" என்றார் ராம்கி.

"ஏலே, வெள்ளைன்னா கர்ப்பப்பையை எடுக்கணும்னுல்ல நான் வேண்டிக்கிட்டேன்!"

"யாரும்மா அப்படிச் சொன்னா? வெள்ளை சுடுறது, செவப்பு வெட்டுறது. ஏ செல்வி, நீ என்ன நெனச்ச?"

வெள்ளை வந்தால் கத்தியே வேண்டாம், பெருமாளே நீயே வலியை எடுத்துவிடு என்று நினைத்திருந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டே அடுத்த படியில் இறங்கினேன். எந்தப் பூவுக்கு என்ன என்று மேலே ஏறுமுன் ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால் பெருமாள் யாருக்கென்று பதில் சொல்வார்?

"திரும்பக் கட்டுவோம்" என்றார் அத்தை.

"எம்புட்டு தரம்மா கேக்குறது? கோவிச்சுக்கிடப் போறாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ் ஏறி மறுபடி டாக்டரம்மாவிடமே போனோம். பூ கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"எது செய்யறதுங்கறது பொறவு. உங்களுக்கு முதல்ல எது வேணும்? வலி நிக்கிறதா, பிள்ளையா?"

"பிள்ளைதான் டாக்டர்" என்றார் ராம்கி.

"நான் அவங்களைக் கேட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"வலி நிக்கணும் டாக்டர். மொதல்ல அதுதான் நிக்கணும்."

அத்தை தரையைப் பார்த்தார். ராம்கி என் பக்கம் திரும்பினார்.

"மாசாமாசம் அம்புட்டு அழுவியே செல்வி... பிள்ளை நிக்கலைன்னுதான் அழுவுதன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"இல்லீங்க" என்றேன். "வலிச்சுது."