இருபத்திரண்டு நிமிடம்

பூவரசன் டிஷ்வாஷருக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. தங்கை சங்கவியாகத்தான் இருக்கும். கை ஈரம் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை விட்டுவிட்டான்.

"எடுத்துப் பேசு தம்பி," என்றார் அந்த வீட்டுக்கார சபியா பீவி.

"இருக்கட்டும்மா. எப்பத்துலருந்து பாத்திரம் ஈரமா வருது?"

"வந்த நாள்லருந்தே. எம்புள்ள வாங்கி வெச்சிட்டு துபாய் போய்ட்டான். கழுவறது மெஷினு, தொடைக்கறது நானு."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அப்பா துரைக்கண்ணுவைச் சேர்த்து நான்கு நாளாகியிருந்தது. மூச்சுத்திணறல். அந்த நான்கு நாளில் பூவரசன் கட்டிலருகே பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. கட்டிலின் ஆடும் நட்டை முறுக்கினான். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபோது வராந்தாவில் நடந்தான். "நீ நடக்கறத பாத்தா எனக்கே மூச்சு வாங்குது. போய் ஒரு வேலையாவது பாத்துட்டு வாண்ணா," என்றாள் சங்கவி. அவள் சொல்லி முடிப்பதற்குள் கருவிப்பை அவன் தோளில் இருந்தது. திண்டிவனத்துக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான்.

மீட்டர் வைத்துப் பார்த்தான். ஹீட்டரில் பழுதில்லை. தண்ணீரும் ஒழுங்காக வெளியேறியது. கதவின் உட்புறமிருந்த சின்ன மூடியைத் திறந்தான். உள்ளே வறண்டு கிடந்தது.

"இதுல ரின்ஸ் எய்டு ஊத்தறீங்களாம்மா?"

"அது இன்னா மூடின்னே எனக்குத் தெரியாது."

பையிலிருந்த பாட்டிலிலிருந்து ஊற்றினான். மறுபடி போன் அடித்தது. எடுக்காமலே பேசினான்: "இது இருந்தாத்தான் தண்ணி தட்டுல நிக்காம வழியும். மெஷின் நின்னதும் கதவ லேசா தொறந்து அரை மணி வுட்டுடுங்க. சூட்டுலயே காஞ்சிடும். பிளாஸ்டிக் டப்பா மட்டும் காயாது."

பாத்திரங்களை அடுக்கி ஓடவிட்டான். அது பாதி ஓடியபோது மூன்றாம் முறை அடித்தது. எடுத்தான்.

"அண்ணா... அப்பா போயிட்டாருண்ணா."

"எப்போ?"

"இப்பத்தான். மொத தபா பண்ணப்ப இருந்தாரு."

"வர்றேன்," என்று வைத்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, மெஷினின் அடித்தகட்டுக்கு ஸ்க்ரூ போடத் தொடங்கினான். ஸ்க்ரூ பிடிக்கவில்லை. கழற்றி மறுபடி வைத்தான். அப்போதும் பிடிக்கவில்லை.

"யாரு தம்பி போன்ல?"

"தங்கச்சி. மெஷின் நிக்க இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கும்மா. காயுதான்னு பாத்துட்டே போயிடறேன்."

"இன்னா ஆச்சு?"

"எங்கப்பா எறந்துட்டாரு." ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே குரலில் சொன்னான்.

சபியா பீவி ஏதோ முணுமுணுத்தபடி அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டார். "மெஷின் கெடக்குது, எழுந்திரு. வண்டிய இங்கயே வுடு. இந்தக் கைய வெச்சிக்கினு ஓட்டுவியா நீ?"

அவன் எழுந்தான்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே தெருமுனைவரை வந்து விழுப்புரம் பஸ்ஸை மறித்தார். "இந்தப் புள்ளய முண்டியம்பாக்கத்துல எறக்கி வுடுங்க. அவங்கப்பா மவுத்தாயிட்டாரு," என்றார் கண்டக்டரிடம்.

இருக்கைகள் காலியாக இருந்தும் அவன் படிக்கட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் ஊரைத் தாண்டியதும் சபியா பீவி போனில் கூப்பிட்டார்.

"குந்த எடம் கெடச்சுதா?"

"ம். பாத்திரம் காஞ்சுதாம்மா?"



"காஞ்சிடுச்சுப்பா. சுத்தமா காஞ்சிடுச்சு. நீ அத நெனைக்காத."

அவன் மணி பார்த்தான். மெஷின் நிற்கவே இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் மெல்ல உட்கார்ந்தான்.

வார்டில் அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். ஆக்சிஜன் முகமூடியின் பட்டை அழுந்திய தடம் கன்னத்தில் இன்னும் மறையவில்லை. சங்கவி அழுது முடித்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்: "மொத போனு எதுக்கு?"

"ஒன்கிட்ட பேசணும்னாரு."

"இன்னா பேசணுமாம்?"

"தெரியலண்ணா. அவர் காதுலதான் வெச்சேன். மணி அடிக்கறத கேட்டுக்கினே இருந்தாரு."



சாயங்காலம் சவ வண்டி கோலியனூரைத் தாண்டி ஊர்ப்பாதையில் திரும்பியது. தார் பெயர்ந்த பாதை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அப்பாவின் தலை ஒருபக்கமாகப் புரண்டது. பூவரசன் வண்டியின் தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளிலும் அந்தத் தலையை ஏந்திக்கொண்டான்.

"கால் வலிக்கும். மேல குந்துண்ணா," என்றாள் சங்கவி.

அவன் அசையவில்லை. வெளியே, பாதையில் மல்லாட்டைக் கடலை காயவைத்திருந்த பெண்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து, அவசர அவசரமாக அதை ஓரத்துக்குக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.