நான்காவது வரிசை

"தங்கச்சி, பிளக்கு ஒண்ணு வேணுமே" என்று ஃப்ரீசர் பெட்டியின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு மருதையன் நின்றார். அறையில் இருந்தது ஒரே பிளக். அதில் மடிக்கணினி சொருகியிருந்தது. அனீஸா குனிந்து பிடுங்கினாள்.

அத்தா இறந்தது விடியற்காலை, பாங்கு சொல்லும் நேரத்தில். அண்ணன் ஆஸிம் ஷார்ஜாவிலிருந்து பூதலூர் வந்து சேர மதியம் மூன்று மணியாகும். அதுவரை பெட்டியில் வைப்பது, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்வது என்று ஜமாஅத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

கணினியை அலமாரியில் வைக்கப் போனவள் திரையைப் பார்த்தாள். கறுப்பில் ஒன்பது சொற்பெட்டிகள், மூன்று வரிசையாக. ஒன்றும் மஞ்சளாக இல்லை.

அப்படி இருக்கக் கூடாது. அத்தா விசையை அழுத்தி எந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறாரோ அந்தப் பெட்டி மஞ்சளாகத் தெரிய வேண்டும். எப்போதும் ஏதாவது ஒன்று மஞ்சளாக இருக்கும்படிதான் அவள் நிரல் எழுதியிருந்தாள். அவள் எழுதியது ஒன்பது பெட்டியும் இல்லை, பன்னிரண்டு.

ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அத்தாவுக்குப் பேச்சு போனது. இடது கையில் மூன்று விரல்கள் மட்டும் மிஞ்சின. தஞ்சாவூரில் அவள் போகும் மாலைக் கணினி வகுப்பில் அப்போது எழுத்து மட்டும் உள்ள திரைகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. படம் கிடையாது, மவுஸ் வேண்டாம், அண்ணன் விட்டுப்போன பழைய கணினியே போதும். திரையை வரிசையாகவும் பத்தியாகவும் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லை வைக்கலாம். அம்புக்குறியால் நகர்ந்து என்டரைத் தட்டினால் கட்டம் மின்னும், மணி அடிக்கும்.

கட்டம் போட்ட நோட்டில் நான்கு நாள் வரைந்தாள். தண்ணி, வலி, திருப்பு. ஃபேன், லைட்டு, பாத்ரூம். அம்மா, அனீஸா, ரேடியோ. தமிழ் எழுத்து எத்தனை இடம் பிடிக்கும் என்று அந்தத் திரைக்குக் கணக்குத் தெரியாததால் கோடுகள் கோணல்மாணலாக வந்தன. அம்மா மெஹராஜ் பேகம் எட்டிப் பார்த்துவிட்டு, "வயல்ல இப்படி வரப்பு போட்டிருந்தா உங்கத்தா ஆள வெரட்டி விட்டிருப்பாரு" என்றாள். அத்தாவின் வாயில் சரியாக இருந்த பக்கம் சிரித்தது.

நான்காவது வரிசைக்கு ஓதுங்க, போதும் என்ற இரண்டும் இருந்தன. மூன்றாவதாக அண்ணன் பெயரைப் போடலாமா என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு முன், சம்பா அறுவடைக்கு நிற்கும்போது ஆஸிம் விசா வந்துவிட்டது என்று கிளம்பினான். அத்தா அதன்பிறகு அவனிடம் போனில் பேசவில்லை.

"போடுறதுன்னா கடைசில போடு. பேரப் பாத்து பிரஷர் ஏறப் போவுது" என்றாள் அம்மா.

கடைசியில் போட்டாள். அத்தா ஒருநாளும் அதைத் தொடவில்லை.

இந்த வியாழக்கிழமை அம்மா, "எழுத்து தெரியலன்னு கண்ண இடுக்குறாருடி" என்றாள். அனீஸா கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியை மூன்று முறை தட்டினாள். எழுத்து பெரிதாகி ஒன்பது பெட்டிகள் திரையை நிறைத்தன. முதல்முறையாக ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்துதான் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடி வந்து பார்த்தால் எந்தப் பெட்டியும் மின்னவில்லை. தண்ணியா, வலியா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். பட்டன் சிக்கியிருக்கும் என்று விசைப்பலகையைத் துணியால் துடைத்தாள். சனிக்கிழமை அம்மா அவர் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, "சும்மா சும்மா அமுத்தாதீங்க. புள்ள வேலைக்குப் போவணும்ல" என்றாள்.

அனீஸா இப்போது கழித்தல் குறியை மூன்று முறை தட்டினாள். நான்காவது வரிசை கீழிருந்து ஏறி வந்தது. ஆஸிம் மஞ்சளாக இருந்தது.

அழுத்தியதையெல்லாம் நேரம் போட்டு எழுதிவைக்கும் கோப்பு ஒன்று இருந்தது. வகுப்பில் சொன்னார்களே என்று சேர்த்தது, திறந்ததே இல்லை. திறந்தாள். வியாழன் இரவிலிருந்து ஒரே பெயர். அறுபத்தேழு முறை. கோப்பு தப்பாக எழுதியிருக்குமோ என்று இன்னொரு முறை எண்ணினாள். அறுபத்தேழுதான்.

"பெட்டிய ஆன் பண்ணட்டுமா?" என்றார் மருதையன்.

"பண்ணுங்கண்ணே."

ஆஸிம் மூன்றே காலுக்கு வந்தான். கண்ணாடி வழியாக அத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். குளிப்பாட்ட வந்தவர்கள் பின்கட்டில் காத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றப் போனவன், அம்மாவும் அனீஸாவும் இருந்த அடுப்படிக்கு வந்தான்.

"அத்தா என்னைக் கேட்டாரா?" அனீஸாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பேச்சே இல்லாத மனுசன் எப்புடிப்பா கேப்பாரு" என்றாள்.

"அது சரி." தலையாட்டினான். "பேச்சு இருந்தப்பவே கேக்கல."

அவன் பின்கட்டுக்குப் போனான். அனீஸா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கஃபன் துணி போர்த்தினார்கள். ஹஜ்ரத் வந்தார். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது முன்னால் வலதுபக்கம் ஆஸிமின் தோள் இருந்தது.

ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனபின் வீடு அடங்கியது. வெள்ளைத் துப்பட்டியோடு சுவரில் சாய்ந்திருந்த அம்மாவிடம் அனீஸா திரையையும் கோப்பையும் பற்றிச் சொன்னாள்.

"கைய நாந்தானே எடுத்து வச்சேன்" என்றாள் அம்மா.

"தெரியாமத்தானேம்மா."

"அவன்ட்ட சொல்லாத. வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருந்தா உசுரோட பாத்திருப்பேனேன்னு காலத்துக்கும் கெடந்து சாவான். உன்னையும் மன்னிக்க மாட்டான்."

"சொல்லலன்னா கேக்கவே இல்லன்னு நெனைச்சிட்டிருப்பான்."

"நெனைக்கட்டும். ரெண்டு வருசமா அப்படித்தானே இருந்தான்."

அம்மா சொல்வது சரியாக இருக்கலாம். அனீஸாவுக்கு எது சரி என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: திரை சிறிதானால் கடைசி வரிசை என்ன ஆகும்? பிறகு பார்க்க.

மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பினார்கள். வாசல் குழாயில் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். பக்கத்து வீட்டு ஹலீமா அண்டாவில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் குடித்துவிட்டு, ஸலாம் சொல்லி, செருப்பைத் தேடிப் போனார்கள்.

ஆஸிம் அத்தாவின் கட்டில் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையில் மண் காய்ந்திருந்தது. அம்மா உள்ளறை வாசலிலிருந்து அனீஸாவைப் பார்த்தாள். அனீஸா கணினியைக் கொண்டுவந்து அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"கேட்டாங்கண்ணே."

அவன் நிமிர்ந்தான்.

"வியாழக்கிழமைலேர்ந்து கேட்டாங்க. எழுத்தப் பெருசு பண்ணேன், கடைசி வரிசை மறைஞ்சுபோச்சு. உன் பேரு அதுலதான் இருந்துச்சு. மணி அடிச்சுச்சு, எனக்குப் புரியல. தப்பு என்னோடது."

அவன் கோப்பைப் படித்தான். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தான். வெள்ளி காலை ஆறு பதினொன்று. ஆறு பன்னிரண்டு. ஆறு பன்னிரண்டு.

"வெள்ளிக்கெழம எனக்கு லீவு" என்றான். "ரூம்லதான் இருந்தேன்."

அவள் நின்றுகொண்டிருந்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் கோப்பின் கடைசிவரை போனான். பிறகு தன் பயணப்பெட்டியை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டு, கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய காகிதப் பட்டையைக் கிழிக்கத் தொடங்கினான். அது எளிதில் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, துண்டு துண்டாக எடுத்து இன்னொரு உள்ளங்கையில் சேர்த்தான். அனீஸா அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கைப்பிடியை அவள் பக்கம் திருப்பினான். அவள் மறுமுனையிலிருந்து சுரண்டினாள்.